இது யாருக்கும் தோன்றுமே!

விடுகதைக்கு விடை தெரியும் வரை தலையைச் சொறிவோம். யாராவது விடையைச் சொன்னதும் "ப்பூ, இவ்வளவுதானா! இது எனக்கே தெரியுமே" என்போம். இந்த "எனக்கே தெரியுமே"யை வைத்துக்கொண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக மல்லுக்கட்டி வந்திருக்கிறது. நம் உச்ச நீதிமன்றமும் ஒரு பாத்திரப் பட்டறை வழக்கில் இதே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன். பேட்டன்ட் என்றதும் பக்கத்தை மாற்றிவிடாதீர்கள். இதில் வருவதெல்லாம் கதவுக் குமிழ், பென்சில், மளிகைக் கடை மேஜை, ஏர் போன்ற சாமான்கள்தான்.

பேட்டன்ட் என்றால் என்ன? புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வேறு யாரும் அதைச் செய்யக் கூடாது என்று அரசாங்கம் எழுதித் தரும் உரிமை. பதிலுக்கு அவர் தன் தொழில் ரகசியத்தை ஊருக்குச் சொல்லிவிட வேண்டும். காலம் முடிந்ததும் அது பொதுச் சொத்து. பொருள் புதியதாக இருக்க வேண்டும், பயன்பட வேண்டும். இந்த இரண்டிலும் பெரிய சண்டை வருவதில்லை. மூன்றாவது நிபந்தனைதான் தகராறு: அந்தத் தொழில் தெரிந்த சாதாரணக் கைக்காரர் ஒருவருக்கு எளிதில் தோன்றியிருக்கக் கூடிய விஷயமாக அது இருக்கக் கூடாது.

ஏன் இந்த நிபந்தனை? தச்சரும் ஃபிட்டரும் தினமும் ஏதாவது ஒரு சின்ன மாற்றம் செய்துகொண்டேதான் இருப்பார்கள். மரத்துக்குப் பதில் இரும்பு, இரண்டு திருகுக்குப் பதில் மூன்று, மேலே இருப்பதைக் கீழே மாட்டுவது. இதற்கெல்லாம் ஒருவர் உரிமை வாங்கிவிட்டால் அடுத்த பட்டறைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இதை முதலில் தெளிவாகச் சொன்னது 1851-இல் முடிந்த ஹாட்ச்கிஸ் வழக்கு. கதவுக் குமிழை மரத்திலும் உலோகத்திலும் செய்துகொண்டிருந்தார்கள். ஹாட்ச்கிஸ் தரப்பினர் களிமண், பீங்கானில் செய்து பேட்டன்ட் வாங்கினார்கள். குமிழைத் தண்டோடு பொருத்தும் முறை பழையது. பொருள் மட்டுமே புதிது. நல்ல பொருளைத் தேர்ந்தெடுப்பது கைத்திறமை உள்ள தொழிலாளியின் வேலை, அது கண்டுபிடிப்பு ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

1875-இல் பென்சில் வந்தது. ஒரு முனையில் ரப்பர் வைத்த பென்சில், நாம் பள்ளிக்கூடத்தில் பார்த்ததுதான். அந்தப் பேட்டன்டும் செல்லவில்லை. பென்சில் தன் பாட்டுக்கு எழுதுகிறது, ரப்பர் தன் பாட்டுக்கு அழிக்கிறது, இரண்டும் சேர்ந்து புதிதாக எதுவும் செய்யவில்லை என்பது தீர்ப்பு.

இனி மளிகைக் கடைக்கு வருவோம். முன்பு அமெரிக்காவிலும் நம் ஊர்போலத்தான், சாமான் பட்டியலைச் சொன்னால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். 1916-இல் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்து, வாடிக்கையாளரே அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார். கடைச் சிப்பந்திகளின் வேலை குறைந்தது. ஆனால் நெரிசல் முழுவதும் பில் போடும் மேஜைக்கு இடம் மாறியது. ஒருவர் கூடையிலிருந்து சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் வரை பில் போடுபவர் காத்திருக்க வேண்டும்.

டர்ன்ஹாம் என்பவர் இதற்கு ஒரு வழி செய்தார். மேஜையை நீளமாக்கினார். அதன்மேல் மூன்று பக்கம் மட்டும் உள்ள ஒரு சட்டகத்தை வைத்தார். மேல் மூடி இல்லை, அடிப்பலகையும் இல்லை, பில் போடுபவரைப் பார்த்த பக்கம் திறந்திருக்கும். சட்டகம் விலகிப் போகாமல் மேஜையில் வழித்தண்டவாளங்கள் உண்டு. வாடிக்கையாளர் மேஜையின் கோடியில் சட்டகத்துக்குள் சாமான்களை வைப்பார். முந்தையவர் கணக்கு முடிந்ததும் சட்டகத்தை இழுத்தால், பின்பக்கத்துச் சுவர் மொத்தச் சாமானையும் தள்ளிக்கொண்டு வந்து பில் போடுபவர் முன் சேர்க்கும். திருப்பித் தள்ளினால் சாமான்கள் அங்கேயே நிற்க, வெறும் சட்டகம் மட்டும் அடுத்தவரிடம் போகும். மோட்டார் இல்லை, கியர் இல்லை. நம் வீட்டு மேஜை டிராயரைவிட எளிமையான அமைப்பு.

இந்த உரிமையை வைத்திருந்த நிறுவனம், ஏ அண்டு பி என்று அழைக்கப்பட்ட பிரம்மாண்டமான மளிகைக் கடைத் தொடரின் மேல் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் பேட்டன்ட் செல்லும் என்றன. 1950 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. எதிர்த்து எழுதிய நீதிபதி ஒருவர்கூட இல்லை.

தீர்ப்பை எழுதியவர் ராபர்ட் ஜாக்சன், நியூரம்பெர்க் விசாரணையில் அமெரிக்கத் தரப்பின் தலைமை வழக்கறிஞராக இருந்தவர். இந்த மேஜை வேலையை வேகமாக்குகிறது, செலவைக் குறைக்கிறது, பல கடைகளில் வெற்றிகரமாக ஓடுகிறது என்பதையெல்லாம் அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் வழவழப்பான எந்தப் பரப்பிலும் இப்படி ஒரு சட்டகம் செய்யக் கூடியதைத்தான் இதுவும் செய்கிறது, தண்டவாளங்கள் எப்போதும் செய்துவந்ததைத்தான் இங்கேயும் செய்கின்றன, பழைய பாகங்களைச் சேர்த்தால் கூட்டுத்தொகையைவிட அதிகமாக ஏதாவது வர வேண்டும், இங்கே இரண்டும் இரண்டும் நான்காகவே இருக்கிறது என்பது அவர் வாதம்.

கூடவே நீதிபதி வில்லியம் டக்ளஸ் தனியாக ஒரு கருத்து எழுதினார், ஹூகோ பிளாக் அதில் சேர்ந்துகொண்டார். அறிவியலின் எல்லையை முன்னே தள்ளும் கண்டுபிடிப்புக்குத்தான் பேட்டன்ட், இப்படிப்பட்ட சில்லறைச் சாமான்களுக்கு அல்ல என்று காரசாரமாகச் சொன்னார். இதே டக்ளஸ் 1941-இல், காருக்குள் சிகரெட் பற்றவைக்கும் லைட்டர் ஒன்றைப் பற்றிய வழக்கில், படைப்பு மேதையின் மின்னல் கீற்று தெரிய வேண்டும் என்று எழுதியவர்.

வேடிக்கை என்னவென்றால், ஏ அண்டு பி தீர்ப்புக்கு முந்தைய ஆண்டுதான் ஜாக்சன் இன்னொரு வழக்கில் எதிர்ப்புக் குறிப்பு எழுதியிருந்தார். அது மெழுகு வார்ப்பு முறையில் நகை செய்வது பற்றியது. இந்த நீதிமன்றத்தின் கையில் சிக்காத பேட்டன்ட் ஒன்றுதான் இனி செல்லுபடியாகும் போலிருக்கிறது என்று சக நீதிபதிகளைக் கிண்டல் செய்திருந்தார். மறு ஆண்டே அவர் கையாலேயே டர்ன்ஹாமின் மேஜை விழுந்தது.

எனக்கு இந்த இடத்தில்தான் நெருடுகிறது. மேதையின் மின்னல் வேண்டும் என்றால் பட்டறையில் பத்து வருடம் முட்டி மோதி ஒரு வழி கண்டுபிடிப்பவன் கதி என்ன? மின்னல் அடித்ததா இல்லையா என்பதை எந்த நீதிபதி எப்படி அளப்பார்?

அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். 1952-இல் புதிய பேட்டன்ட் சட்டம் வந்தது. கைல்ஸ் ரிச், ஃபெடரிகோ என்ற இரண்டு பேட்டன்ட் நிபுணர்களுக்கு அதை வரைந்ததில் பெரும் பங்கு உண்டு. அதன் 103-ஆம் பிரிவு இரண்டு விஷயங்களைச் சொன்னது. ஒன்று, கண்டுபிடிப்பு நடந்த சமயத்தில், அந்தத் தொழிலில் சாதாரணத் திறமை உள்ளவருக்கு அது எளிதில் தோன்றியிருக்குமா என்று பார்க்க வேண்டும். இரண்டு, அது எப்படி வந்தது என்பது முக்கியமில்லை. மின்னலாக வந்தாலும் சரி, வியர்வை சிந்தி வந்தாலும் சரி. மேதை வெளியே போனார், சாதாரணக் கைக்காரர் அளவுகோலாக உள்ளே வந்தார்.

இந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் விளக்கியது 1966-இல். ஒரே நாளில் வந்த இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, கிரஹாம் என்பவரின் ஏர். கல் நிறைந்த நிலத்தில் உழும்போது கொழு உடையாமல் இருக்க, ஸ்பிரிங் வைத்துத் தண்டு விலகிக் கொடுக்கும் அமைப்பு. தன் பழைய பேட்டன்டில் மூட்டுத் தகட்டுக்கு மேலே இருந்த தண்டைப் புதியதில் கீழே மாற்றியிருந்தார். மேலே கீழே மாற்றிப் பார்ப்பது எந்த மெக்கானிக்குக்கும் தோன்றும் என்று அது தள்ளுபடியானது.

இரண்டாவது, ஆடம்ஸ் என்பவரின் பேட்டரி. மெக்னீசியமும் குப்ரஸ் குளோரைடும் வைத்து, உலர்ந்த நிலையில் எடுத்துப் போய், தேவைப்படும்போது தண்ணீர் ஊற்றினால் வேலை செய்யும்படி செய்தார். ராணுவ நிபுணர்கள் முதலில் இது வேலைக்கு ஆகாது என்றார்கள். பிறகு அவரிடம் சொல்லாமலேயே ராணுவம் அதைப் பயன்படுத்தியது. வழக்கு வந்ததும், பாகங்கள் எல்லாம் பழையவை, யாருக்கும் தோன்றும் என்று அரசாங்கமே வாதாடியது! நீதிமன்றம் ஏற்கவில்லை. அதுவரை தெரிந்திருந்த தகவல்களைப் படித்தவர்கள் இந்த வழியில் போகவே தயங்கியிருப்பார்கள், நிபுணர்களே நம்பவில்லை, அப்படியிருக்க எளிதில் தோன்றியிருக்கும் என்று எப்படிச் சொல்வது என்றது.

ஏற்கெனவே என்ன இருந்தது, இதில் என்ன வேறுபாடு, தொழில்காரரின் சராசரித் திறமை என்ன என்ற மூன்று கேள்விகளையும் அன்று வகுத்தார்கள். பலகாலம் தீராத தேவையா, மற்றவர்கள் முயன்று தோற்றார்களா, சந்தையில் வெற்றி பெற்றதா என்பவற்றையும் துணைச் சாட்சியாகப் பார்க்கலாம் என்றார்கள்.

அதற்குப் பிறகு ஊஞ்சல் மறுபக்கம் போனது. 1982-இல் பேட்டன்ட் மேல்முறையீடுகளுக்கென்று தனி நீதிமன்றம் வந்தது. இரண்டு பழைய பொருள்களைச் சேர்க்கும்படி எங்காவது ஒரு யோசனையோ தூண்டுதலோ இருந்ததாகக் காட்டினால்தான் 'எளிதில் தோன்றும்' என்று சொல்லலாம் என்ற விதியை அது இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது. 2007-இல் ஒரு கார் பெடல் வழக்கில் அது உடைந்தது. ஓட்டுபவரின் உயரத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் நகர்த்தக் கூடிய ஆக்சிலரேட்டர் பெடல் ஏற்கெனவே உண்டு. சில அமைப்புகளில் பெடலோடு சேர்ந்து அதன் சுழல் அச்சும் நகரும். அசானோ என்பவரின் அமைப்பில் அச்சு நிலையாக நிற்கும். எலக்ட்ரானிக் சென்சாரும் உண்டு. அதை நகரும் மிதிபகுதியில் வைத்தால் ஒயர் உரசித் தேயும் என்பதும் தெரிந்ததே. அப்படியானால் நகராத அச்சில் சென்சாரை மாட்டியது கண்டுபிடிப்பா? இல்லை என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. தொழில்காரர் எழுதி வைத்ததை மட்டும் செய்யும் இயந்திரம் அல்ல, அவருக்கும் கொஞ்சம் சொந்தக் கற்பனை உண்டு என்பது தீர்ப்பை எழுதிய நீதிபதி கென்னடியின் கருத்து.

நம் நாட்டுக் கதை மிர்சாபூரில் நடந்தது. பித்தளைப் பாத்திரங்களைக் கடையும்போது அவை லேத்தின் தலைப்பகுதியிலிருந்து கழன்று பறப்பதுண்டு, தொழிலாளிக்கு ஆபத்து. எதிர்ப்பக்கத்திலிருந்து அழுத்திப் பிடிக்கும் ஒரு சுழல் அமைப்பைச் செய்து, 1951-இல் ஒரு நிறுவனம் பேட்டன்ட் பெற்றது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி செல்லாது என்றார், இரு நீதிபதிகள் அமர்வு செல்லும் என்றது. 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சர்க்காரியா எழுதிய தீர்ப்பு, செல்லாது என்று முடித்தது. லேத்தில் வேலை பார்த்த எவருக்கும் காரணம் புரியும். படுகையின் மேல் நகர்த்தி, எதிர்முனையில் வேலையைத் தாங்கிப் பிடிக்கும் டெயில் ஸ்டாக் லேத்துகளில் வழக்கமாக உண்டு. அதைப் பாத்திரத்துக்குப் பயன்படுத்தியது பட்டறை அளவிலான முன்னேற்றமே தவிர, கண்டுபிடிப்பு அல்ல. நம் 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவும், தெரிந்த சாதனங்களைத் தெரிந்தபடியே இயங்கவிட்டு வெறுமனே அடுக்கி வைப்பது கண்டுபிடிப்பாகாது என்கிறது. ரப்பர் வைத்த பென்சிலின் நியாயம்தான் அது.

மிர்சாபூர் தீர்ப்பு எனக்குச் சரி என்றே படுகிறது. மாறாக வந்திருந்தால் லேத் வைத்திருந்த மற்ற பாத்திரக்காரர்கள், தங்கள் ஆட்களின் கையைக் காப்பாற்றும் ஒரு சாதாரண ஏற்பாட்டுக்குக்கூட அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருந்திருக்கும். பட்டறையின் பொது அறிவு பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் சொந்தம்.

டர்ன்ஹாமின் மேஜை விஷயத்தில் எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் பாகங்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்து, இது பழசு, அதுவும் பழசு என்று எண்ணினால் உலகத்தில் எதுதான் மிஞ்சும்? கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. சுயசேவைக் கடைகள் வந்த பிறகு பில் மேஜையில் நெரிசல் இருந்துகொண்டே இருந்தது, எல்லா முதலாளிகளுக்கும் அதில் நஷ்டம். மற்றவர்கள் என்ன முயன்றார்கள்? ஏன் இது வரவில்லை? ஆடம்ஸின் பேட்டரியைக் காப்பாற்றியது இந்த மாதிரிக் கேள்விதான்.

ஆகவே, ஒரு எளிய பொருளைப் பார்த்து "இது யாருக்கும் தோன்றுமே" என்று வாய்வரை வந்தால், இதே சங்கடத்தில் இத்தனை நாள் இருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று முதலில் விசாரியுங்கள். அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் அது பட்டறையின் பொதுச் சொத்தா, ஒருவருடைய உழைப்பா என்று தெரியும்.