புத்தகத்தில் மொறிஸ், உள்ளே டட்சன்

உடுப்பிட்டிச் சந்தியில் ஹயருக்கு நின்ற கார்களை நான் சிறுவனாகப் பார்த்த காலத்தில் அவற்றில் ஒன்றுகூட யப்பான் கார் இல்லை. ஒஸ்ரின் ஏ போட்டி (ஏ40), ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், அவ்வளவுதான். மந்திகை ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைப்பேறுக்குப் போவதும் சந்நிதிக்குப் பொங்கப் போவதும் கலியாணத்துக்கு மாப்பிளை ஏறுவதும் அவற்றில்தான். அறுபதுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வறண்டபோது அரசாங்கம் கார் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. அதற்குப் பிறகு ஊருக்குப் புதுக்கார் வருவது அருமை. இருந்ததையே திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்டினார்கள். எங்கள் தொழில் அப்படி வளர்ந்த தொழில். 1952க்கும் 1954க்கும் இடையில் இங்கிலாந்தில் செய்த ஏ போட்டி சோமர்செற்றுக்கு 1200 சிசி எஞ்சின், 42 குதிரைவலு. நான் கராஜில் சாவி பிடிக்கப் பழகிய நாட்களில் அது கால் நூற்றாண்டு தாண்டியும் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு பருத்தித்துறைக்கு ஓடியது.

இந்த ஒஸ்ரினுக்கும் யப்பானுக்கும் பழைய தொடுப்பு ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் எங்கள் ஊர்க் கார்களின் கதையைச் சொல்ல முடியாது. 1952 இன் கடைசியில் நிசான் கொம்பனி ஒஸ்ரினோடு ஒப்பந்தம் செய்தது. அடுத்த ஆண்டு சோமர்செற்றை யப்பானில் பூட்டி விற்கத் தொடங்கியது. 1955 இல் அதன் இடத்துக்கு ஏ50 கேம்பிறிட்ஜ் வந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் போயின, பிறகு அவற்றையும் அங்கேயே செய்யப் பழகிக்கொண்டார்கள். நிசானுக்குச் சிறிய எஞ்சின் ஒன்று தேவைப்பட்டபோது, டொனால்ட் ஸ்ரோன் என்ற அமெரிக்க எஞ்சினியர் புதிதாக ஒன்றை வரைய வேண்டாம் என்றார். ஒஸ்ரினின் 1489 சிசி எஞ்சினில் பிஸ்ரன் ஏறி இறங்கும் தூரத்தை 89 மில்லிமீற்றரிலிருந்து 59 ஆகக் குறைத்தால், பழைய பட்டறை இயந்திரங்களை வைத்தே 988 சிசி எஞ்சின் கிடைத்துவிடும். அந்த எஞ்சின் நிசானின் டட்சன் 210 இல் ஏறியது. 1958 இல் அவுஸ்திரேலியாவைச் சுற்றி ஓடிய மோபில்காஸ் போட்டியில் அந்தக் கார் தன் வகுப்பில் முதலாவதாக வந்தது. யப்பான் கார் ஓடும் என்று வெளியுலகம் திரும்பிப் பார்த்தது அப்படித்தான். அந்தக் குழுவைக் கூட்டிப்போன யுற்றாக்கா கற்றயாமா பிறகு அமெரிக்காவில் நிசானின் ஸெட் காருக்குத் தகப்பன் என்று பேரெடுத்தார்.

ஆகவே, மொறிஸுக்குள் டட்சன் எஞ்சின் வைத்தது பாவம் என்று கொழும்பிலிருந்து வரும் பழைய கார்ப் பிரியர்கள் முகம் சுழிக்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வரும். மொறிஸும் ஒஸ்ரினும் ஒரே கொம்பனிக்குள் வந்தவை. தூரத்துச் சொந்தத்துக்குள் திரும்பச் சம்பந்தம் செய்தோம், வேறென்ன?

அந்தச் சம்பந்தம் தொடங்கியது 1977க்குப் பிறகு. இறக்குமதி திறந்தது. வளைகுடாவுக்குப் போனவர்களின் காசும் வந்தது. யப்பானில் ஓடிக் கழித்த ரீகண்டிஷன் வாகனங்கள் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி வடக்கே ஏறின. டட்சன் சணி, கொறோலா, லான்சர், ஹயேஸ் வான். என்னைக் கேட்டால் அவற்றுள் மணி ஸ்ராலெற் கேபி61 தான். பின்சில்லு இழுவை, 1290 சிசி, பாரமில்லாத உடம்பு. வடமராட்சியில் ஒரு காரின் ஓட்டத்தைப் பார்க்க வல்லைவெளியை விட்டால் வேறு இடமில்லை. இரண்டு பக்கமும் வெட்டை, வளவு இல்லை, வேலி இல்லை. குறுக்கே அடிக்கிற காற்று மட்டும் ஸ்ரேறிங்கைப் பிடுங்கும். நுவரெலியாவில் 1934 இலிருந்து மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி நடக்கிறது. எங்களுக்கு மலையும் இல்லை, கோப்பையும் இல்லை. வல்லையில் யார் முந்தியது என்பதை அடுத்தநாள் நெல்லியடித் தேத்தண்ணிக் கடை தீர்மானிக்கும்.

புதுக்காருக்கு வசதியில்லாதவர்கள் எஞ்சினை மட்டும் வாங்கினார்கள். மொறிஸ் மைனரின் 948 சிசி எஞ்சினுக்கு 37 குதிரைவலு. சணியின் ஏ12 எஞ்சின் 1171 சிசி, ஏறத்தாழ 69 குதிரைவலு. எஞ்சின் தாங்கியை வெட்டி ஒட்ட வேண்டும், கியர்பெட்டிக்காக நிலத்தகட்டைத் தட்டி உயர்த்த வேண்டும், புறொப்பெலர் சாப்றை அளவுக்குக் குறுக்கி நேர்பார்த்து ஒட்ட வேண்டும். கடைசி வேலைதான் கைகாரனைக் காட்டிக்கொடுக்கும். மயிரிழை தவறினாலும் நாற்பது மைலில் கார் முழுக்க நடுங்கும். ஆனால் வலுவை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக் கொண்டு போனவர்கள் பிறேக்கைப் பற்றிக் கேட்டதில்லை. பழைய டிரம் பிறேக்கோடேயே விட்டார்கள். எங்கள் தொழிலில் எனக்குப் பிடிக்காத பழக்கம் அது. இன்றும் மாறவில்லை.

1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கியது, பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றறி, உதிரிப்பாகம் எல்லாம் தடை. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு வந்தது. அதையே வண்டிக்கும் ஊற்ற வேண்டியதாயிற்று. உலகத்தில் மற்றவர்கள் எஞ்சினின் வலுவைக் கூட்டத்தான் கராஜுக்கு வருவார்கள். எங்களிடம் வந்தவர்கள் குறைக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

காரணம் இது. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது, அமுக்கம் கூடினால் நேரத்துக்கு முன்னே வெடித்து எஞ்சினைத் தட்ட வைக்கும். ஏ போட்டியின் அமுக்க விகிதம் 7.2, அது ஓரளவு சமாளித்தது. ஏ12 இன் விகிதம் 9. அதற்கு மண்ணெண்ணெய் ஊற்றினால் சுத்தியலால் அடிப்பது போலக் கேட்கும். ஆகவே ஹெட்டைக் கழற்றி, ஒன்றுக்கு இரண்டாகக் காஸ்கெற் போட்டோம். இக்னிசனைப் பின்னுக்குத் தள்ளினோம். எண்ணெய்க் குழாயைச் செம்பில் வளைத்துச் சைலன்சர் பக்கமாகக் கொண்டுபோய்ச் சூடாக்கினோம். றேடியேற்றருக்கு முன்னால் மட்டை கட்டினோம், எஞ்சின் கொதியாக இருக்கவேண்டும் என்று. கிளப்புவதற்குப் பெற்றோல் வேண்டும். சிறுபோத்தலில் அதைப் பொன்னாய்ப் பொத்தி வைத்து, சேலைன் குழாயால் காபிறேற்றரின் வாய்க்குள் சில துளி விடுவார்கள். பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் றிங்ஸுக்கு ஊடாக இறங்கி எஞ்சின் ஒயிலில் கலக்கும். அளவுகோலைப் பிடித்துப் பார்த்தால் ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும்! அதைக் கண்டு சந்தோசப்பட்டவர்களும் உண்டு. பிளக்கில் கரி, றோட்டெல்லாம் வெள்ளைப் புகை. உடுப்பில் ஏறிய மணம் தோய்த்தாலும் போகாது. மோட்டார் சைக்கிள்களில் யப்பான் தபாற்காரருக்காகச் செய்த ஹொண்டா எம்டி 90 அந்தப் பட்டினியைத் தாங்கியது.

முன்பு டட்சன் எஞ்சின் பூட்டிய சிலர், கோடிப்புறத்தில் கோழி அடைந்த பழைய மொறிஸ் எஞ்சினைத் தேடி எடுத்து வந்தார்கள். நாங்கள் திரும்பப் பூட்டிக் கொடுத்தோம். முன்னேற்றம் என்று வெட்டி ஒட்டியதையெல்லாம் அதே கையால் கழற்றினோம். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது வடமராட்சிக்கு வந்தவர்களின் சாமான்களை இழுத்த வண்டிகளில் அப்படித் திருப்பிப் பூட்டிய எஞ்சின்களும் இருந்தன.

2002 ஏப்ரிலில் தெற்குக்குப் போகும் ஏ9 பாதை திறந்தது. யப்பான் வாகனங்கள் ஓடி வந்தன, தெற்கிலிருந்து கார்ப் பிரியர்களும் வந்தார்கள். துரு ஏறிய சோமர்செற்றுகளை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விலை பேசும்போது எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: ஒறிஜினலோ? மண்ணெண்ணெயில் ஐந்து வருசம் ஓடிய காரிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது? 2006 ஓகஸ்ற்றில் பாதை மூடியது, வியாபாரமும் நின்றது. 2009க்குப் பிறகு திரும்ப வந்தார்கள். அதற்குள் நல்லவை பல இரும்புக்கடைக்குப் போயிருந்தன.

2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது சிலர் என்னிடம் பழைய வித்தையைக் கேட்டு வந்தார்கள். இன்றைய எஞ்சின்களில் பெற்றோலைக் கணினி பார்த்து ஊசியால் விசிறுகிறது. அதற்குள் சேலைன் குழாயை எங்கே செருகுவது? ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனதோடு அந்தப் பேச்சும் முடிந்தது. 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் காருக்குத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய ஸ்ராலெற்றுக்குக் கேட்ட விலையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

பழைய கார் வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது: பெயின்றைப் பார்க்காதே, வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கத்தை உள்ளே உள்ளதோடு ஒத்துப்பார். எஞ்சின் மாறியிருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிப் பதிந்திருக்க வேண்டும். பிறகு பிறேக். பிறகு ஹெட்டை அளந்து பார், எத்தனை தரம் சீவியிருக்கிறார்கள் என்று.

போன மாதம் இமையாணன் பக்கத்துப் பெடியன் ஒருவன் கேபி61 ஒன்றோடு வந்தான். யாரோ வலுவுக்காக ஹெட்டை நன்றாகச் சீவிவிட்டிருக்கிறார்கள். வல்லைக்குப் போக முன்னமே தட்டுகிறது.

“ஐயா, இன்னும் கொஞ்சம் கம்பிறசன் கூட்டலாமோ?”

“எந்தப் பெற்றோல் அடிக்கிறாய், தம்பி?”

“92 தான். 95க்கு எங்கை காசு?”

ஹெட்டைக் கழற்றி இரண்டு காஸ்கெற் போட்டு, இக்னிசனைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக் கொடுத்தேன். பிறேக்குக்கு அடுத்த கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.