பெரகலப் பீலியும் லண்டன் இயந்திரமும்

கொழும்பிலிருந்து ஹல்துமுல்ல வழியாக மலையேறி வரும் நெடுஞ்சாலை, பெரகலச் சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் செல்லும். மற்றது கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும். அச்சந்திக்கு அருகே தோட்ட லயமொன்றில் பிறந்த மூதாட்டி ஒருவரைச் சில ஆண்டுகளுக்கு முன்னர் லண்டனில், அவருடைய மகள் வீட்டில் சந்தித்தேன்.

அன்று அவ்வீட்டில் பாத்திரம் கழுவும் இயந்திரம் மக்கர் செய்துகொண்டிருந்தது. கழுவி எடுத்த தட்டுகளில் சோற்றுப் பருக்கை. அடியில் தேங்கிய நீர். புதியது வாங்கலாமா என்று மருமகன் யோசித்துக்கொண்டிருந்தார். அம்மையார் கீழ்த்தட்டை வெளியே எடுத்துவிட்டு, அடியிலிருந்த வடிகட்டியைத் திருகிக் கழற்றினார். மிளகாய் விதையும் கறிவேப்பிலையும் கொழுப்போடு அப்பியிருந்தன.

"பீலி மாதிரிதான் தம்பி. தொண்ட அடைச்சா தண்ணி எங்க போகும்?" என்றார்.

ஊற்றுநீரைக் குழாய் வழியே விழச்செய்யும் இடத்தை மலையகத்தில் பீலி என்பார்கள். குளிப்பது, துவைப்பது, பாத்திரம் துலக்குவது எல்லாம் அங்கேதான். துலக்குவதற்கு அடுப்புச் சாம்பலும் தேங்காய்த் தும்பும். விறகுச் சாம்பலிலுள்ள பொட்டாசியம் காபனேற்று எண்ணெய்ப் பிசுக்கை நீக்கவல்லது. இயந்திரத்தில் இடும் தூளிலும் அதன் உறவுக்காரரான சோடியம் காபனேற்றுத்தான் பெரும்பாலும் இருக்கிறது!

இவ்வியந்திரத்தின் வரலாறு சுவையானது. அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசபின் காக்ரேன் என்ற சீமாட்டி, பணியாளர்கள் தம்முடைய விலையுயர்ந்த பீங்கான்களின் விளிம்பை உடைத்துவிடுகிறார்கள் என்று சலித்து அதனை உருவாக்கினார். 1886 டிசம்பர் 28இல் காப்புரிமை பெற்றார். 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் அது பரிசு பெற்றது. அதே கண்காட்சியில் இலங்கைக்கும் தனி மண்டபம் இருந்தது. அங்கே தேயிலைக்கே முதலிடம். ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதென்ன தொழிற்சாலையைத் தோமஸ் லிப்டன் கட்டியது 1890இல்.

ஹோட்டல்கள் இயந்திரத்தை வாங்கின. பெரும்பாலான வீடுகளில் அதற்கு வேண்டிய அளவு வெந்நீர் கிடையாது. 1950களில்தான் அது அமெரிக்க வீடுகளில் பரவலாயிற்று.

அம்மையாரின் தாயார் துரை பங்களாக் குசினியில் வேலை செய்தவர். தட்டொன்றின் விளிம்பு உடைந்ததற்காக அவருடைய கூலியில் பிடித்தார்களாம். காக்ரேனின் கதையை நான் சொன்னதும் அம்மையார் சற்றுநேரம் பேசவில்லை. பின்னர், "அந்தம்மா கையப் பாக்கல, கோப்பையத்தான் பாத்திருக்கு" என்றார்.

உப்பு இடும் அறையும் காலியாக இருந்தது. லண்டன் குழாய்நீரில் சுண்ணாம்பு மிகுதி. அதை உறிஞ்சும் பிசினைப் புதுப்பிப்பதற்கே அந்த உப்பு. அது தீர்ந்தால் கண்ணாடிக் குவளைகளில் வெண்படலம் படியும். உப்பை நிரப்பி, வடிகட்டியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துப் பொருத்தியதும் இயந்திரம் ஒழுங்காக ஓடிற்று.

இப்போது வாரந்தோறும் வடிகட்டியைக் கழற்றுவது அம்மையாரின் பொறுப்பு. மருமகனை அதனருகே விடுவதில்லையாம்.