கைப்பேசி: வரவும் செலவும் – ஒரு நெசவூரின் நோக்கில்

தூது தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளின் அறுபத்தொன்பதாம் அதிகாரம் தூது. சிற்றிலக்கிய வகைகளுள்ளும் தூதுக்கு ஓர் இடமுண்டு. உமாபதி சிவாசாரியாரின் நெஞ்சுவிடு தூதினை அவ்வகையின் முதல் நூலாகக் கொள்வது வழக்கம். அன்னமும் கிளியும் மேகமும் புலவர்களுக்காகத் தூது நடந்தன. அவற்றுக்குக் கட்டணம் எவ்வளவு என்பது மட்டும் புலவர் எவரும் கவலைப்பட்ட செய்தியன்று.

உலகியலில் தூதுக்கு விலை உண்டு. அவ்விலையைக் கொடுத்தவர் யார் என்று பார்த்தால், கைப்பேசியின் நன்மை தீமைகளுள் பெரும்பகுதி விளங்கிவிடும் என்பது நம் கருத்து. அதனை நாம் பிறந்து வளர்ந்த வெண்ணந்தூரை வைத்தே காண முற்படுவோம்.

கைப்பேசிக்கு முன்

இராசிபுரத்திற்கு அருகே, அலவாய்மலை கண்ணுக்குத் தெரியும் சமவெளியில் அமைந்த நெசவூர் வெண்ணந்தூர். பழைய சேலம் மாவட்டத்தில் இருந்து, 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. கைத்தறியும் பின்னர் விசைத்தறியும் இவ்வூருக்குச் சோறு போட்டன, இன்றும் போடுகின்றன.

சென்னையில் தொலைபேசி இணைப்பகம் 1882-ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. ஆயினும் அடுத்த நூறாண்டுகளுக்குத் தொலைபேசி அலுவலகங்களுக்கும் செல்வர் வீடுகளுக்குமே உரிய பொருளாக இருந்தது. வெளியூருக்குப் பேச 'டிரங்க் கால்' பதிவு செய்து காத்திருக்க வேண்டும். 1984-இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம், குளிரூட்டும் அறை தேவைப்படாத, 128 இணைப்புகள் கொண்ட சிறிய இணைப்பகத்தை உருவாக்கிய பிறகே சிற்றூர்களுக்கு நல்ல காலம் பிறந்தது. அதன் பின் தெருமுனைகளில் எஸ்.டி.டி. சாவடிகள் முளைத்தன. அவற்றை ஒதுக்குவதில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை தரப்பட்டது நினைவுகூரத் தக்கது.

சாவடியிலிருந்து நாம் பேசலாம்; ஆனால் வழியில் இருப்பவரை அழைக்க முடியாது. இக்குறையை நம் குடும்பம் 1994-ஆம் ஆண்டில் உணர்ந்தது. தாத்தா காலமான அன்று, தலைமகனான நம் பெரியப்பா ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குச் சேலைக் கட்டுடன் சென்றிருந்தார். எந்தக் கடையில் நிற்கிறார், எந்தப் பேருந்தில் திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்த இரண்டு கடைகளுக்குப் பேசியும் பயனில்லை. மறுநாள் மாலை அவர் ஊர் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. கொள்ளி வைத்தவர் இளையவரான நம் தந்தையார்.

இருவரும் பணம் கொடுத்த காலம்

இந்தியாவின் முதல் கைப்பேசி உரையாடல் 1995 சூலை 31 அன்று நிகழ்ந்தது. கொல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதி பாசு, தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அக்காலத்தில் ஒரு நிமிடப் பேச்சுக்கு ரூ.8.40, நெரிசல் மிகுந்த நேரத்தில் ரூ.16.80 வரை. அழைப்பவர் மட்டுமன்றி, அழைப்பை ஏற்பவரும் பணம் கொடுக்க வேண்டியிருந்தது! வீட்டு வாசலுக்கு வந்த விருந்தினர்க்குக் கதவு திறப்பதற்கும் கட்டணம் என்றாற்போன்றது இம்முறை.

2003 மே முதல் நாளில் இந்நிலை மாறியது. அழைப்பவரே கட்டணம் செலுத்துவார், உள்வரும் அழைப்பு இலவசம் என்ற முறை நடைமுறைக்கு வந்தது. கைப்பேசி ஏழையின் சட்டைப்பைக்கு வந்த நாளாக நாம் கொள்ளத்தக்கது இதுவே. அதே ஆண்டில் வெளிவந்த நோக்கியா 1100, தூசு புகாத விசைப்பலகையும் தலையில் ஒரு விளக்கும் கொண்டது. உலகெங்கும் இருபத்தைந்து கோடிக்கு மேல் விற்றது. மின்வெட்டு நேரத்தில் தறிக்குழியில் இறங்க அந்த விளக்கு பயன்பட்டதை நாம் நேரில் அறிவோம்.

நாமும் அவ்வகையில் ஒன்றை வாங்கினோம். பகுதிநேர விரிவுரையாளராகப் பெற்ற இரண்டு மாத ஊதியம் அதற்குச் செலவாயிற்று. பெரியப்பாவிடம் காட்டியபோது அவர் அதைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அன்னைக்கு இது இருந்திருந்தா எங்கப்பனுக்கு நாந்தான் கொள்ளி வெச்சிருப்பேன்." கைப்பேசியின் நன்மை பற்றி இதற்கு மேல் அழுத்தமாக ஒருவர் பேசி நாம் கேட்டதில்லை.

ஒரு மணி, இரண்டு மணி

உள்வரும் அழைப்பு இலவசமானதும், காசே இல்லாமல் பேசும் ஒரு மொழியை மக்கள் கண்டுபிடித்தனர். அதுதான் 'மிஸ்டு கால்'. நம் தெருவில் ஒரு மணி ஒலித்து நின்றால் பாவு தீர்ந்தது என்று பொருள். இரண்டு முறை ஒலித்தால் முதலாளி நேரில் வரவேண்டும் என்று பொருள். விசைத்தறிக்கூடத்தின் இரைச்சலில் மணி காதில் விழாது. ஆகவே, கைப்பேசியை அதிர்வில் வைத்து நெஞ்சோடு ஒட்டிய சட்டைப்பையில் இட்டுக்கொள்வர்.

தறிக்காரர்க்கு இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. முன்பு, பக்கத்து ஊரில் சேலைக்கு என்ன கூலி என்பதை அறிய ஒரு நாள் வேலையை விட்டுப் போகவேண்டும்; பின்னர் ஓர் அழைப்பில் அது தெரிந்தது. வட கேரளக் கடற்கரை மீனவரைப் பற்றி ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளியலறிஞர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே ஒப்புநோக்கத் தக்கது. கைப்பேசி வந்தபின், கடலில் இருந்தபடியே எந்தக் கரையில் விலை உண்டு என்றறிந்து மீனவர் படகைத் திருப்பினர். விற்காமல் வீணான மீன் ஏறத்தாழ இல்லாமலாயிற்று. மீனவரின் இலாபம் சுமார் 8 விழுக்காடு உயர்ந்தது. வாங்குவோர்க்கு விலை சுமார் 4 விழுக்காடு குறைந்தது.

ஆனால் மீனவரிடம் படகு இருந்தது. அதை அவர் விரும்பிய கரைக்குத் திருப்ப முடிந்தது. கூலிக்கு நெய்பவரிடம் என்ன இருந்தது? பாவும் ஊடையும் முதலாளியுடையவை. பலருக்குத் தறியும் அவருடையதே. அதனால் கைப்பேசி எதிர்த்திசையிலும் வேலை செய்தது. இரவு தறியை நிறுத்தி உண்ண அமர்ந்தவரின் பையில் அது அதிரும். "சீலை எத்தன மொழம் ஆச்சு?" முன்பு முதலாளியின் குரல் அவர் வந்து நின்ற நேரத்தில் மட்டும் கேட்டது. இப்போது அது வீட்டுக்குள் குடியேறியது. அழைப்புக்குக் காசு கொடுத்தவர் முதலாளி. இரவைக் கொடுத்தவர் நெசவாளி.

விலை குறைந்தது, செலவு கூடியது

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையம் மலிந்தது. அவ்வாண்டே யு.பி.ஐ. முறையும் வந்தது. இன்று கூலி கைப்பேசியிலேயே வந்து சேர்கிறது. வெளியூர் வணிகர் சேலையின் படத்தைப் பார்த்தே விலை பேசுகிறார். ஆயினும், கைத்தறியில் பல நாள் முயன்று அமைத்த புதிய கரை வடிவம், சேலை ஊரைத் தாண்டும் முன்னே படமாய்த் தாண்டி, விசைத்தறியில் ஏறிவிடுகிறது. கைத்தறிக்கெனச் சில துணி வகைகளை ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டம் நூலில் இருக்கிறது; படம் பறக்கும் வேகத்திற்கு அது ஈடுகொடுக்கவில்லை.

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டன. "எல்லோரும் நல்ல கைப்பேசி ஒன்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்" என்று நாம் வகுப்பில் எளிதாகச் சொல்லிவிட்டோம். ஊரடங்கு தளர்ந்து தறிக்கூடங்கள் மீண்டும் ஓடத் தொடங்கியபின், ஒரு மாணவி தொடர்ந்து வருகை தரவில்லை. காரணம் கேட்டோம். "அப்பா ஃபோன எடுத்துட்டு வேலைக்குப் போயிட்டாருங்க ஐயா" என்றாள். அடுத்த மாதம் புதிய கைப்பேசியுடன் வகுப்புக்கு வந்தாள். நாமும் மகிழ்ந்தோம்.

அதன் விலை ஒன்பதாயிரம் ரூபாய் என்பதையும், அது தறிக்கூட முதலாளியிடம் வாங்கிய முன்பணம் என்பதையும், இறுதியாண்டில்தான் அவள் சொன்னாள். முன்பணம் தீரும்வரை வேறு கூடத்திற்குப் போகக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எழுதப்படாத விதி. அக்காலத்தில் சற்றுத் தொலைவில் ஒரு கூடத்தில் சேலைக்குக் கூடுதல் கூலி கொடுத்தார்களாம். அச்செய்தி அவள் தந்தைக்குக் கிடைத்ததும் கைப்பேசி வழியாகத்தான். நல்ல கூலியின் சேதியைக் கொண்டுவந்த கருவியே, அதைத் தேடிச் செல்லவிடாமல் காலைக் கட்டியது. அக்கடன் அடைபட இரண்டு ஆண்டுகள் ஆயின.

அந்தப் பெண் பட்டம் பெற்றாள். கைப்பேசி இல்லையெனில் படிப்பு நின்றிருக்கும். ஆகவே வாங்கியது தவறு என்று சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் 'ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்' என்ற நம் சொல்லுக்கு விலை கொடுத்தவர் நாமல்லர். அதன்பின் பாடங்களைச் சிறிய ஒலிக்கோப்புகளாகப் பதிந்து அனுப்பத் தொடங்கினோம். பழைய கைப்பேசியிலும் அவை ஓடும். தந்தை வேலை முடிந்து வந்தபின், இரவிலும் கேட்கலாம். முதலிலேயே இதைச் செய்திருக்கலாம்.

புதுக் கைப்பேசி வாங்க எண்ணும் மாணவர்களுக்கு இப்போது நாம் ஒன்றையே சொல்கிறோம். அதில் என்னென்ன உண்டு என்பதைக் கடைக்காரர் சொல்லிவிடுவார். அதன் விலையை வீட்டில் யார், எதைக் கொண்டு கொடுக்கப் போகிறார் என்பதை நீங்கள்தாம் கேட்கவேண்டும். கேட்டபின் வாங்குவோரும் உண்டு. பழையதற்கு மின்கலம் மட்டும் மாற்றிக்கொள்வோரும் உண்டு.

பெரியப்பா பின்னர்த் தாமும் ஒரு நோக்கியா வாங்கினார். அதைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டே ஈரோட்டுக்குப் போய்வந்தார். சந்தையில் இறங்கியதும் வீட்டுக்கு ஒரு மணி அடித்து நிறுத்துவார். வந்து சேர்ந்தேன், தேவையென்றால் கூப்பிடுங்கள் என்பது அதன் பொருள். அதற்கு அவருக்குக் காசு ஆனதில்லை.