பேஷண்ட் என்ற சொல்லின் கதை



போன மாதம் எங்கள் வீட்டுக்காரர் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது நலம், யாரும் கவலைப்பட வேண்டாம். அங்கே வந்தவர்கள் எல்லோரும் "பேஷண்ட் யாரு?" என்றுதான் கேட்டார்கள். அந்தச் சொல்லின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

லத்தீனில் 'பத்தியோர்' என்று ஒரு வினைச்சொல். 'நான் தாங்கிக்கொள்கிறேன்' என்று பொருள். 'பத்தெரிஸ்' என்றால் நீ தாங்குகிறாய். 'பத்தித்துர்' என்றால் அவர் தாங்குகிறார். 'தாங்கினேன்' என்பதற்கு 'பஸ்ஸுஸ் சும்'. இவை எல்லாம் செயப்பாட்டுவினையின் வடிவங்கள். ஆனால் பொருள் செய்வினை! பிறப்பது, இறப்பது, பேசுவது, பின்தொடர்வது ஆகியவற்றுக்கும் லத்தீனில் இப்படிப்பட்ட வினைகள்தான்.

ரோமானிய இலக்கண ஆசிரியர்கள் இந்த வகைக்கு 'டெபோனென்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். 'இறக்கி வைப்பது' என்று அர்த்தம். செயப்பாட்டுப் பொருளை இறக்கி வைத்துவிட்டதாம். 4ஆம் நூற்றாண்டில் ரோமில் பாடம் சொன்ன டொனாட்டுஸ், வினைகளை ஐந்தாகப் பிரித்து இதையும் ஒரு வகையாக வைத்தார். அவருடைய சிறு இலக்கண நூலை ஐரோப்பியப் பிள்ளைகள் இடைக்காலம் முழுவதும் படித்தார்கள்.

பிற்கால மொழியியலாளர்கள் சொல்வது வேறு. ஆதியில் இருந்தது செய்வினையும், செய்பவரையே வந்து சேரும் நடுவினையும்தான். கிரேக்கம் அந்த நடுவினையைக் காப்பாற்றி வைத்தது. லத்தீனில் அது செயப்பாட்டுவினையாக மாறியது. மாறாமல் நின்ற மிச்சம்தான் பத்தியோர் போன்றவை. பேச்சு லத்தீனில் அவையும் சாதாரண வினைகளாகிவிட்டதால், இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியத்தில் இந்த வகையே இல்லை.

ஆனால் சொல் பிழைத்துக்கொண்டது. 'பஸ்ஸுஸ்' வழியாக வந்ததுதான் நாம் படித்த 'பாஸிவ்' வாய்ஸ். 'பத்தியென்ஸ்', அதாவது தாங்கிக்கொண்டிருப்பவர், 'பேஷண்ட்' ஆனார். நம் செயப்பாட்டுவினையிலும் 'பாடு' இருக்கிறது, பாருங்கள். துன்பப்படுவதும் பாடுபடுவதும் அதே 'படு'தான்.

பாஸிவ் வாய்ஸ் நடத்தும்போதெல்லாம், "எழுவாய் சும்மா இருக்கும், எதுவும் செய்யாது" என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அந்த எட்டு நாளில் அதைத் திருத்திக்கொண்டேன். ஊசி போட்டவர் வேலை செய்தார். அதைத் தாங்கியவரும் வேலை செய்தார்.

உங்கள் வீட்டில் யாராவது நோயில் படுத்திருந்தால், சும்மா படுத்திருக்கிறார் என்று சொல்லாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்