ஞாயிறு இரவு, ஒன்பது மணிச் செய்திக்குப் பிறகு

2003-ல் தன்பாத் கிளையில் ப்ரொபேஷனரி ஆபீசராகச் சேர்ந்தபோது, ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. எஸ்.டி.டி. பூத் வாசலில் வரிசையில் நிற்பது. கோவில்பட்டியில் எங்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டு எண்ணுக்கு அடித்தால் அவர்கள் போய்க் கூப்பிட, அம்மா ஓடி வருவாள். மூச்சிரைக்க "சாப்பிட்டியாப்பா?" என்பாள். "சாப்பிட்டேம்மா" என்பேன். எதிரே மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் உருப்படியாக எதுவும் பேசியதாக நினைவில்லை.

அப்போது எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் நல்ல மனிதர், ஆனால் கறார். ஒருநாள் கூப்பிட்டு அறிவுரை சொன்னார். "வாராவாரம் வீட்டுக்குப் பேசாதே. பேசப் பேச மனசு இளகும். மாசத்துக்கு ஒரு தடவை போதும். அப்போதான் இந்த ஊரில் கால் ஊன்றும்." நானும் அதை நம்பி இரண்டு மாதம் முயன்றேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இதே விவாதம் 1941-ல் லண்டனில், பி.பி.சி. நிர்வாகத்தில் ரொம்பத் தீவிரமாக நடந்திருக்கிறது என்று பிற்பாடு படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பி.காம். ஆசாமி, சரித்திரம் முறையாகப் படித்தவனில்லை. ஆனால் போர்க்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்கள் வானொலியில் என்ன கேட்டார்கள் என்பது மட்டும் சில வருடங்களாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் ஒரு விசித்திரம். இரண்டாம் உலகப் போரின் பெரிய செய்திகள் பல ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வந்தவை. 1939 செப்டம்பர் 3, பிரிட்டன் போரில் இறங்கியது ஞாயிறு. 1941 ஜூன் 22, ஜெர்மனி ரஷ்யாவுக்குள் நுழைந்தது ஞாயிறு. அதே வருடம் டிசம்பர் 7, பேர்ல் ஹார்பர் ஞாயிறு. சர்ச்சிலே அந்தச் செய்தியை இரவு ஒன்பது மணி வானொலிச் செய்தியில் சாதாரண நேயரைப் போலத்தான் கேட்டார். 1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் விழுந்ததும் ஞாயிறு. வாரத்தில் ஒருநாள் குடும்பமே வீட்டில் இருக்கும். அந்த நாளில் கூடத்தில் வானொலிப் பெட்டி. செய்தி எல்லோர் காதிலும் ஒரே நேரத்தில் விழுந்தது.

செப்டம்பர் 3 காலை பதினொன்றே காலுக்குப் பிரதமர் சேம்பர்லின் பேசினார். சலித்துப்போன குரல். பேச்சு முடிந்த சில நிமிடங்களில் லண்டனில் விமானத் தாக்குதல் சங்கு ஊதியது. கடைசியில் அது பொய்ச்சங்கு! மாலை ஆறு மணிக்கு மன்னர் பேசினார். இந்த இரண்டு பேச்சையும் எல்லாப் புத்தகங்களிலும் எழுதியிருப்பார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. பி.பி.சி. தன் எல்லா வானொலி நிகழ்ச்சிகளையும் ஏற்கெனவே ஒரே அலைவரிசையில் சுருக்கிவிட்டிருந்தது. செய்தி, அரசு அறிவிப்பு, அறிவிப்புக்கு விளக்கம், நடுவில் ஆர்கன் இசை. ஸாண்டி மக்ஃபர்ஸன் என்ற கலைஞர் நாள் முழுக்க ஆர்கன் வாசித்தே ஒப்பேற்றினார். வாரக்கணக்கில் இப்படிப் போனால் மனிதர்கள் என்ன ஆவார்கள்? குண்டு விழுவதற்கு முன்பே சலித்துப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நிலவரம் அதற்கு முன்பே மோசம். பி.பி.சி.யைத் தொடக்கம் முதல் 1938 வரை நடத்திய ஜான் ரீத் பக்தியான மனிதர். ஞாயிறு கர்த்தருடைய நாள், அன்று கேளிக்கை கூடாது என்பது அவர் கட்டளை. ஆராதனை, சொற்பொழிவு, கனமான இசை, இவ்வளவுதான். ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? குமிழைத் திருகி ரேடியோ லக்ஸம்பர்க், ரேடியோ நார்மண்டி என்று கடல் தாண்டிய நிலையங்களுக்குப் போய்விட்டார்கள். அங்கே நடன இசை, நகைச்சுவை, விளம்பரம். ஞாயிறு மாலை ஓவல்டின் கம்பெனி குழந்தைகளுக்காக நடத்திய நிகழ்ச்சி அந்தத் தலைமுறைக்கு நன்றாக நினைவிருந்தது. ஆல் இந்தியா ரேடியோ சினிமாப் பாட்டுக்கு முகம் சுளித்த காலத்தில் நம்மவர்கள் இலங்கை வானொலிக்குப் போனார்களே, அதே கதை. (எங்கள் பக்கமெல்லாம் இலங்கை வானொலி சென்னையைவிடத் தெளிவாகக் கேட்கும். பிறந்தநாள் வாழ்த்தில் தெரிந்த பெயர் வந்துவிட்டால் தெருவே பேசும்.)

போர் வந்ததும் லக்ஸம்பர்க் ஆங்கில ஒலிபரப்பு நின்றது. பிரான்சில் குளிரில் முகாம் போட்டிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சொற்பொழிவு கேட்கப் பொறுமையில்லை. எதிரி நிலையத்தைக் கேட்டுவிடுவார்களோ என்ற பயம் மேலே இருந்தவர்களுக்கு வந்தது. கடைசியில் 1940 ஜனவரி 7, அதுவும் ஞாயிறுதான், படையினருக்கென்று தனி அலைவரிசை சோதனையாகத் தொடங்கியது. ஞாயிறன்றும் நடன இசை, தமாஷ். வீட்டில் இருந்தவர்களும் அதையே கேட்க ஆரம்பித்தார்கள். ரீத் காலத்து ஞாயிறு போருக்குப் பிறகும் திரும்பி வரவே இல்லை.

அந்த 1940 கோடையில் ஞாயிறு இரவு ஒன்பது மணிச் செய்தி முடிந்ததும் ஒருவர் பேசுவார். ஜே.பி. பிரீஸ்ட்லி, நாவலாசிரியர். யார்க்‌ஷயர் வாடை அடிக்கும் பேச்சு. பி.பி.சி.யின் மேட்டுக்குடி உச்சரிப்புக்கு நடுவே அது ஊர்க்காரர் வந்து திண்ணையில் உட்கார்ந்த மாதிரி இருந்திருக்க வேண்டும். நாட்டின் பெரியவர்களில் மூன்றில் ஒருவராவது கேட்டார்கள் என்கிறார்கள். டன்கர்க்கில் வீரர்களை மீட்கப் போன உல்லாசப் படகுகளைப் பற்றிப் பேசினார். குளத்து வாத்துகளைப் பற்றிப் பேசினார். பிராட்ஃபோர்ட் நகரில் குண்டு விழுந்த பிறகும் ஒரு கடை ஜன்னலில் ஆவி பறக்க நின்ற பெரிய பையைப் பற்றி (கேரி பேக் அல்ல, இறைச்சி வைத்துச் சுடும் பண்டம்!) பேசினார். போர் முடிந்த பிறகு இந்த நாடு யாருக்கு என்றும் கேட்க ஆரம்பித்தார். ஆளும் தரப்பில் சிலருக்குப் பிடிக்கவில்லை. அக்டோபர் 20-ல் அந்த வரிசை முடிந்தது. 1941-ல் சில வாரம் திரும்ப வந்தார், மறுபடியும் நின்றது.

அந்த நேரத்துக்கு 1941 நவம்பர் 9-ல் வந்தவர்தான் வேரா லின். கிழக்கு லண்டன் உழைப்பாளிக் குடும்பத்துப் பெண், வயது 24. நிகழ்ச்சியின் பெயரைத் தமிழில் சொன்னால் "தங்கள் உண்மையுள்ள, வேரா லின்". தினம் இருபது கடிதத்தில் அந்த வார்த்தைக்குக் கீழே கையெழுத்துப் போடுகிற எனக்கு, அதற்கு இப்படியும் ஒரு உபயோகம் உண்டு என்பது புதுசு. படையில் இருப்பவர்களுக்கு எழுதும் கடிதம் போலவே அரை மணி நேரம். பாட்டு, நடுநடுவே பேச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிரசவித்த பெண்களைப் பார்த்துவிட்டு வந்து, எங்கோ இருக்கும் அப்பனுக்குக் குழந்தை பிறந்த சேதியைச் சொல்வார். ஒருவனுக்குச் சொல்லப்பட்ட சேதியை மற்ற அப்பன்மாரும் கேட்டார்கள்.

பி.பி.சி. மேலிடத்துக்கு இது உறுத்தியது. பெரும் வரவேற்பு இருப்பதைக் கவனித்தார்கள். கவனித்துவிட்டு வருத்தமும் பட்டார்கள். இப்படி உருக்கமாகப் பாடினால் சிப்பாய்க்கு வீட்டு நினைப்பு வந்து போரிடும் உறுதி குலையும், அவனுக்கு வேண்டியது மிடுக்கான அணிவகுப்பு இசை என்று சில ராணுவக்காரர்களும் அரசியல்வாதிகளும் வாதிட்டார்கள். 1942-ல் குழைந்து பாடும் பாட்டுகளுக்குக் கட்டுப்பாடே கொண்டுவந்தார்கள். வேரா லின் கொஞ்ச காலம் வானொலியில் இல்லாமல் போனார்.

என் மேலதிகாரி சொன்னதும் இதைத்தானே! அவர் பேச்சைக் கேட்டு நான் போன் செய்யாமல் இருந்த அந்த இரண்டு மாதத்தில்தான் கணக்கு டேலி ஆகாமல் இரவு ஒன்பது வரை உட்கார்ந்த நாட்கள் அதிகம். வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாதவன்தான் வீட்டையே நினைத்துக்கொண்டிருப்பான். சிப்பாய்கள் தலைமையகத்துக்கு இது புரியாமல் போனது ஆச்சரியமில்லை. அவர்கள் கூட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போகிறவர்கள்.

ஆனால் இந்தக் கதையை வேரா லின்னோடு நிறுத்திவிட்டால் பாதிதான். எதிரி நாட்டில் இதே வேலையை இரண்டு வருடம் முந்தியே தொடங்கிவிட்டார்கள். 1939 அக்டோபர் 1, ஞாயிறு. பெர்லின் வானொலி நிலையத்துப் பெரிய அரங்கிலிருந்து, ராணுவத்துக்கான 'நேயர் விருப்பம்'. ஹைன்ஸ் கோடெக்கே என்பவர் நடத்தினார். முனையிலிருந்து சிப்பாய் கேட்ட பாட்டு வரும். நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் வரும். குழந்தை பிறந்த அப்பன்மார் பெயரை வாசித்துவிட்டு, குழந்தை அழும் சத்தத்தையும் போடுவார்கள். ஜெர்மனியே ஞாயிறு மாலை பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தது. இதை வைத்து 1940 இறுதியில் வந்த சினிமாவை இரண்டு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். கோயபல்ஸுக்கு இதன் மதிப்பு நன்றாகத் தெரியும். லண்டன் அதிகாரிகள் பயந்த அதே உருக்கத்தை அவர் எண்ணெய் மாதிரி இயந்திரத்துக்குள் ஊற்றினார். 1941 மே 25-ல் நிகழ்ச்சி நின்றது. சரியாக நான்கு வாரத்தில் ரஷ்யப் படையெடுப்பு. அதற்குப் பிறகு பெயர்கள் வேறு பட்டியலில் வர ஆரம்பித்தன.

அதே ஜெர்மனியில் 1939 செப்டம்பரிலிருந்து வெளிநாட்டு வானொலி கேட்பது குற்றம். கேட்டதை வெளியே சொன்னால் மரண தண்டனை வரை போகலாம். வானொலிப் பெட்டியின் குமிழிலேயே எச்சரிக்கை அட்டை தொங்கியது. பிரிட்டனில் எதிரி வானொலி கேட்கத் தடையில்லை. 'லார்ட் ஹா-ஹா'வின் ஜெர்மன் பிரசாரத்தை லட்சக்கணக்கானோர் வேடிக்கையாகக் கேட்டுவிட்டுத் தூங்கப் போனார்கள்.

லண்டனும் மாஸ்கோவும் ஜெர்மன் மொழி ஒலிபரப்பில் ஒரு காரியம் செய்தன. பிடிபட்ட ஜெர்மன் சிப்பாய்களின் பெயரை வாசித்தன. மகன் காணாமல் போய்விட்டான் என்று ஒரு தாய் அழுதுகொண்டிருப்பாள். ஊரில் யாரோ போர்வைக்குள் பெட்டியை வைத்துக் கேட்கையில் அவன் பெயர் வரும். அவளிடம் போய்ச் சொன்னால், கேட்ட குற்றத்தையும் பரப்பிய குற்றத்தையும் தானே ஒப்புக்கொண்டதாகும். சொல்லாமலும் இருக்க முடியுமா? கையெழுத்தில்லாத கடிதங்கள் போயின. முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். சிலர் மாட்டிக்கொண்டார்கள். அரசாங்கம் நடத்திய நேயர் விருப்பத்தைவிட எனக்கு இந்த மொட்டைக் கடிதங்கள்தான் பெரிதாகப் படுகின்றன.

நம் பக்கம் என்ன? லண்டனிலிருந்து பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே 3-ல் தொடங்கியது. வாரம் ஒருமுறை வரும் செய்தி மடல்தான், போருக்காகத் தொடங்கியது. அடுத்த பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்த அந்த ஞாயிறு இரவு சர்ச்சில் தானே வானொலியில் வந்து அறிவித்தார். மலேயாவில் ரப்பர் தோட்டத்திலும் ரயில்வேயிலும் துறைமுகத்திலும் இருந்த தமிழர்களின் வீடுகளில், கடிதமும் மணியார்டரும் அதோடு நின்றன. சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்களின் பெயரை ஞாயிற்றுக்கிழமை எந்த வானொலியும் வாசிக்கவில்லை. கப்பலேறிப் போனவர் இருக்கிறாரா இல்லையா என்று 1945 வரை காத்திருந்த வீடுகள் தஞ்சாவூர், திருச்சி, ராமநாதபுரம் பக்கமெல்லாம் உண்டு. போன பலரின் பெயர் எந்தப் பட்டியலிலும் சரியாக இல்லை.

வேரா லின் 1944-ல் பர்மா முனைக்குப் போனார். இப்போது நான் இருக்கும் இதே கல்கத்தா வழியாக, சிட்டகாங் தாண்டி. மேலிடம் பயந்த மாதிரி யாருக்கும் உறுதி குலைந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பதினான்காம் படைதான் ஜப்பானியரை விரட்டியது. அதில் பெரும்பங்கு இந்தியச் சிப்பாய்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வேரா லின் 2020-ல் 103 வயதில் காலமானார். பி.பி.சி. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ல் முடிந்தது, அதுவும் ஞாயிறு. நம் நேரம் இரவு ஒன்பதே காலுக்குக் காதில் வைத்துக் கேட்ட தன்பாத் நாட்கள் ஞாபகம் வந்தன.

இன்றும் ஞாயிறு. மணி எட்டே முக்கால் ஆகிவிட்டது. ஒன்பதுக்குள் அழைக்காவிட்டால் அம்மா கோபித்துக்கொள்வாள். இப்போது வீடியோ வந்துவிட்டதால் சாப்பிட்டேன் என்று பொய் சொல்லவும் முடிவதில்லை. தட்டைக் காட்டச் சொல்கிறாள்.