இரண்டு கட்டத்து மயில்: ‘தோகை’ பற்றிய கால்டுவெல் கருத்தும் கரிசல் வழக்கும்

தமிழ்க் குறுக்கெழுத்துப் புதிரில் ‘மயில் (2)’ என்று குறிப்பு வந்தால் பழகியவர்கள் யோசிப்பதில்லை. தோகை என்று நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். சிகி என்பதும் இரண்டெழுத்துதான். குறுக்கே வரும் சொல் வற்புறுத்தினால் மட்டுமே அது நினைவுக்கு வரும். சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்துக் கரிசல் காட்டில் மயிலுக்குப் பஞ்சமில்லை. கடலைச் செடியைக் கிளறிவிட்டது, மக்காச்சோளத்தைக் கொத்திவிட்டது என்று சம்சாரிகள் அதைத் திட்டாத நாளில்லை. திட்டும்போது அவர்கள் வாயில் வருவது ‘மயிலு’. அந்தப் பறவையைத் தோகை என்று அங்கே யாரும் சொல்வதில்லை. தோகை என்றால் சோளத்தோகை, கரும்புத்தோகை. அதுவும் இல்லையென்றால் மயிலின் வால்.

பேச்சில் வழங்காத ஒரு பொருள் புதிர்க் கட்டத்தில் மட்டும் இப்படிச் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பது ஏன்? ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு ஒரு விடை சொல்லப்பட்டிருக்கிறது. சொன்னவர் இராபர்ட் கால்டுவெல். இன்றும் மேடைகளில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் விடை என்பதால் அதைச் சற்று விரிவாகவே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1856இல் வெளிவந்து 1875இல் விரித்தெழுதப்பட்ட ஒப்பிலக்கண நூலில் கால்டுவெல் சாலமோனின் கப்பல்களைப் பற்றிப் பேசுகிறார். அக்கப்பல்கள் கொண்டுவந்த சரக்குப் பட்டியல் எபிரேய வேதாகமத்தில் இரண்டு இடங்களில் வருகிறது: 1 இராஜாக்கள் 10:22, 2 நாளாகமம் 9:21. பொன், வெள்ளி, தந்தம், குரங்கு இவற்றோடு ‘துக்கி’ என்ற ஒன்றும் பன்மையில் சொல்லப்படுகிறது. துக்கி என்பது மயில், அது தமிழ், மலையாளத் ‘தோகை’யே, எழுத்தில் பதிவான திராவிடச் சொற்களுள் அதுவே மிகப் பழையது. இதுதான் அவர் வாதம். தோகை என்பது வாலைத்தானே குறிக்கிறது என்று ஒருவர் கேட்கக்கூடும் என்பதை அவர் முன்கூட்டியே உணர்ந்திருக்கிறார். இன்றைய தமிழில்தான் அது வால், பழைய செய்யுள் தமிழில் மயிலையே குறித்தது என்று சமாதானமும் சொல்லிவிடுகிறார்.

துக்கி தோகையே என்ற முதல் பகுதியைப் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். என் மறுப்பு அந்தக் கடைசிச் சமாதானத்தின் மேல்தான். பறவைப் பொருள் முந்தியது, வால் என்ற பொருள் பின்னால் வந்த சுருக்கம் என்ற வரிசையை அது நம் தலையில் ஏற்றிவிட்டது. வரிசை நேர்மாறானது என்று கருதுகிறேன்.

கால்டுவெல் கையில் என்ன சான்று இருந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அவர் நூலின் இரண்டு பதிப்புகளும் வந்த காலத்தில் எட்டுத்தொகை நூல் ஒன்றுகூட அச்சேறவில்லை. கலித்தொகை 1887இல் வந்தது. நமக்கு இங்கே வேண்டிய குறுந்தொகையைச் சௌரிப்பெருமாள் அரங்கன் 1915இல் பதிப்பித்தார்; உ.வே.சா. பதிப்பு 1937. கால்டுவெல் இறந்தது 1891இல். ஆக, ‘பழைய தமிழ்’ என்று அவர் சொன்னது பெரும்பாலும் நிகண்டு காட்டும் தமிழ். நிகண்டு ஒரு சொல்லின் பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குமே ஒழிய எது முந்தியது என்று சொல்லாது. மஞ்ஞை, சிகி, பிணிமுகம், நவிரம், தோகை என்று மயிலின் பெயர்கள் அங்கே ஒரே வரிசையில் நிற்கும். மனப்பாடம் செய்யும் மாணவனுக்கு அது வசதி. காலவரிசை தேடுகிறவனுக்கு அதில் எதுவும் கிடைக்காது.

இரண்டாவது தடை அவருடைய சொந்த முறையிலிருந்தே எழுகிறது. ஒப்பிலக்கணம் என்றால் உறவு மொழிகளைக் கேட்க வேண்டும். தெலுங்கில் ‘தோக’ என்றால் வால். மாட்டின் வால், நாயின் வால், எதன் வாலும் தோகதான். கன்னடத்திலும் ‘தோகெ’ வாலே, சிறப்பாக மயிலின் வால். மலையாளத்திலும் வாலும் பீலியும்தான். தமிழிலேயே சோளத்தோகை, கரும்புத்தோகை என்று நீண்டு தொங்கும் இலைக்கு இச்சொல் வழங்குகிறது. சேலையின் முன்றானைக்கும் அது பெயராக அகராதிகளில் உண்டு. எல்லாவற்றுக்கும் பொதுவானது நீண்டு தொங்கும் தன்மை. பறவை இந்தப் பொருள்களிலிருந்து கிளைத்திருக்கலாம். பறவையிலிருந்து கரும்பு இலைக்கும் நாய் வாலுக்கும் வழி போட முடியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கால்டுவெல் 1841 முதல் இடையன்குடியில் வாழ்ந்தவர். திருநெல்வேலியின் வரலாற்றை 1881இல் எழுதியவர். அவர் காலத்துத் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் சிவகாசியும் சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இருந்தன. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோதுதான் அவை பிரிந்தன. இன்றைய விருதுநகர் மாவட்டம் 1985இல் வந்தது. சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் குடும்பங்கள் ஏராளம். தொழுவில் நிற்கும் மாட்டின் தோக, மேல்காட்டில் நிற்கும் சோளத்தின் தோகை, இரண்டும் ஒரே நாவில் புழங்கும் நிலம் அது. தன் மாவட்டத்தின் வடக்கு எல்லையில் கிடந்த இந்தச் சான்றை ஒப்பிலக்கண ஆசிரியர் எடை போட்டிருந்தால் அந்தச் சமாதானத்தை எழுதியிருப்பாரா என்பது ஐயம்.

ஆனால் கால்டுவெலுக்குத் தெரியாமலே அவருக்குச் சாதகமாக ஒரு பாட்டு இருக்கிறது. அதைக் கடக்காமல் இந்த வாதம் நிற்காது. குறுந்தொகை 26, கொல்லன் அழிசி பாடியது. கரிய அடிமரமுடைய வேங்கை பூத்து நிற்கிறது. மேலோங்கிய பெருங்கிளையில் ‘தோகை’ இருக்கிறது. பூப்பறிக்கும் பெண்களைப் போல் அது தோன்றுகிறது. அத்தகைய நாட்டுக்காரன் தலைவியிடம் நடந்துகொண்டதைக் கண்ணால் கண்ட கடுவன் (ஆண் குரங்கு) ஒன்று பொய் சொல்லாது என்று தோழி பேசுகிறாள். மயில் என்ற சொல் பாட்டில் எங்கும் இல்லை. ‘தோகை மயில்’ என்ற அடையும் இல்லை. கிளையில் இருப்பது தோகை, அவ்வளவுதான். உரைகாரர்கள் மயில் என்றே பொருள் கொள்கிறார்கள். வேறு வழியும் இல்லை, வால் மட்டும் தனியாகக் கிளையில் ஏறி உட்காராது.

அப்படியானால் கால்டுவெல் சொன்னது சரிதானா? பறவைப் பொருள் சங்கப் பாட்டிலேயே உண்டு என்ற அளவில் சரி, மறுக்க ஒன்றுமில்லை. அதுவே முதற்பொருள் என்பதற்கு மட்டும் இந்தப் பாட்டு துணை வராது. கீழே நிற்பவர் கண்ணுக்கு உயரக் கிளையில் முதலில் தெரிவது தொங்கும் தோகை. புலவர் உறுப்பைச் சொல்லி உடையதை உணர்த்துகிறார்; சினையாகுபெயர் என்று இலக்கணம் இதற்குப் பெயர் வைத்திருக்கிறது.

இன்னொரு இடறலும் இருக்கிறது. தோகை ஆண் மயிலுக்கு உரியது. உவமையோ பூக்கொய்யும் மகளிர். ஆணைப் பெண்ணுக்கு ஒப்பிட்டது எப்படி? விடை தொல்காப்பிய மரபியலில் கிடைக்கிறது. சிறகுடைய பறவைகளின் ஆணுக்கெல்லாம் சேவல் என்ற பெயர் பொருந்தும், மயிலுக்கு மட்டும் பொருந்தாது என்று அங்கே ஒரு நூற்பா விலக்கு வைக்கிறது. தோகை உடைமையால் ஆண் மயிலும் பெண்போன்ற சாயல் பெற்றுவிடுவதே காரணம் என்பது பேராசிரியர் என்னும் உரையாசிரியர் தரும் விளக்கம். இந்த விளக்கத்தில் தோகை மயில் ‘உடைய’ பொருள், மயிலே அல்ல. உரையாசிரியர் காலம் பிந்தியது என்ற எதிர்ப்பு நியாயமானது. இருந்தாலும் அழிசியின் உவமைக்கும் மரபியலின் விலக்குக்கும் பின்னால் ஒரே பார்வை இருப்பதை ஒதுக்கிவிட முடியவில்லை.

அதே பாட்டில் மயிலும் குரங்கும் சேர்ந்து வருவதைப் பார்த்துச் சாலமோன் கப்பலை நினைக்கும் ஆசை யாருக்கும் வரும். வேண்டாம். அந்தக் கடுவன் தின்பது ‘தேக்கொக்கு’, அதாவது இனிய மாம்பழம். பறவைச் சொல்லைப் பார்த்த இடத்திலெல்லாம் பறவையைத் தேடினால் கொக்கைத் தின்ற குரங்கில் போய் முடியும்.

எபிரேயப் பக்கத்தில் நிலம் இன்னும் ஈரமானது. துக்கி மயில்தானா என்பதே தீரவில்லை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் அரசர் நூலில் அவ்விடத்தில் மயில் கிடையாது. செதுக்கிய கற்கள் வருகின்றன. லத்தீன் மொழிபெயர்ப்பில் மயில் உண்டு. விவிலிய ஆய்வாளர் ஆல்பிரைட் எகிப்திய மொழியைக் காட்டி அதையும் ஒருவகைக் குரங்கு என்றார். இன்றைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி. நாளாகமத்தில் உகரம் நீண்டு எழுதப்பட்டிருப்பதைத் ‘தோ’வுக்கு நெருக்கம் என்று காட்டலாம், ஆனால் நாளாகமம் பிந்திய நூல், உயிரை நிறைத்து எழுதுவது அதன் பொது வழக்கம். துக்கி தோகையே என்று ஒப்புக்கொண்டாலும், கப்பலேறியது உயிருள்ள மயிலா, கட்டுக்கட்டான பீலியா? பட்டியலில் தந்தம் இருக்கிறது. அது யானையின் உறுப்பு. குரங்கும் இருக்கிறது, அது முழு உயிர். இரண்டுக்கும் இடமிருக்கிறது. தோகை வால் என்ற பொருளிலேயே கப்பல் ஏறியிருந்தால் கால்டுவெலின் முதல் பகுதிக்கு அந்தச் சமாதானமே தேவைப்பட்டிருக்காது. சொல்லப்போனால், அவரும் இடம்பெற்றிருந்த குழு திருத்திய தமிழ் வேதாகமத்தில் அவ்விடத்தில் உள்ள சொல் ‘மயில்கள்’. தோகை என்று போட்டால் கேட்பவர்க்கு வாலாகத்தான் விளங்கியிருக்கும்.

இனிப் புதிர்க் கட்டத்துக்கு வரலாம். நிகண்டு பாதுகாத்த பறவைப் பெயர்கள் பல. அவற்றுள் தோகையைக் கட்டம் தேர்ந்தெடுத்ததற்கு எழுத்திலக்கணமே காரணம் என்பது என் முடிவு. புதிரின் மேல்வரிசையில் ஒரு சொல்லை வைத்தால் அதன் எழுத்துகளிலிருந்து கீழ்நோக்கி வேறு சொற்கள் தொடங்க வேண்டும். மயிலின் முதலெழுத்து உதவும். ‘யி’ தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது, ‘ல்’ எந்தச் சொல்லுக்கும் வராது. குயிலும் அப்படியே. கிளியின் ‘ளி’, புறாவின் ‘றா’, கோழியின் ‘ழி’ எல்லாம் மொழிமுதலாகாதவை. காடை வைத்தவர் டைரி எழுதித் தப்பலாம். நாரை வைத்தவர் ரைஸ்மில்லுக்குப் போக வேண்டியதுதான். தோகையில் ‘தோ’, ‘கை’ இரண்டும் மொழிமுதலாகும். கூகையும் சிகியும் அப்படித்தான். க, த, ந, ப, ம ஐந்தும் எல்லா உயிரோடும் சொல்லுக்கு முதலாகும் என்ற தொல்காப்பிய விதி புதிர் அமைப்பவரின் மேசையில் இன்றும் வேலை செய்கிறது. அவர் அதைப் படித்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை வேறு விதமானது. ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ இதழில் வெளியிட்ட முதல் புதிரிலேயே புறாவைக் குறிக்கும் ஒரே நான்கெழுத்துச் சொல் இரண்டு முறை வருகிறது, ஓரிடத்தில் ‘ஒரு பறவை’ என்றும் இன்னோரிடத்தில் புறாவின் மறுபெயராலும் குறிப்புப் பெற்று. குட்டிப் பறவைச் சொல்லின் மீது புதிர்காரனுக்குள்ள சார்பு அன்று தொடங்கியது. தமிழில் வாசன் காலத்து ஆனந்த விகடன் பரிசுப் போட்டிகளாகக் குறுக்கெழுத்தைப் பரப்பியபோது, நிகண்டு பயின்ற தலைமுறை இன்னும் இருந்தது. அந்தத் தலைமுறை போன பிறகும் சொற்கள் கட்டத்தில் தங்கிவிட்டன.

கட்டத்துக்கு எதிர்ச்சான்று வேண்டுமானால் சிவகாசி லேபிளைப் பார்க்கலாம். 1923இல் தீப்பெட்டித் தொழில் அங்கே காலூன்றியது. லேபிள் அச்சும் பட்டாசும் தொடர்ந்து வளர்ந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும் என்பது லேபிளின் முதல் நிபந்தனை. எனவே அதில் ஏறிய பறவைகளுக்குப் பேச்சுப் பெயர்தான். இரண்டே முக்கால் அங்குல ஒற்றை வெடிக்கு விலைப்பட்டியலில் பெயர் ‘குருவி’. அதைவிடப் பெரியது ‘லட்சுமி’. ஸ்ரீ காளீஸ்வரி பட்டாசு நிறுவனத்தின் மார்க் ‘சேவல்’. சங்கப் பாட்டின் ‘குரீஇ’ எந்த வெடிக்கும் பெயராகவில்லை. புதிரில் அதற்கு அவ்வப்போது இடமுண்டு. லேபிளில் மயில் மயிலாகவே நிற்கும். தோகை என்ற பறவைப் பெயர் ஒரு காலத்தில் மக்கள் நாவில் உலவியிருந்தால், இவ்வளவு மயில் திரியும் வட்டாரத்தில் ஒரு மூலையிலாவது அதன் தடம் ஒட்டியிருக்க வேண்டும். இல்லாமையைச் சான்றாக வைப்பது பலவீனமான வாதம் என்று சொல்வார்கள். தெலுங்கு, கன்னடம், மலையாளம், கரும்புத்தோட்டம், வேதாகமம், லேபிள் ஆறும் ஒரே திசையைக் காட்டும்போது அந்தப் பலவீனம் பாதியாவது குறைகிறது.

தீராதது காலம். அழிசியின் ‘தோகை’ அன்றே பழகிய பெயரா, அந்தக் கிளைக்காகப் புலவர் அப்போது ஆக்கியதா என்பதை ஒரு பாட்டை வைத்துத் தீர்க்க முடியாது. அந்தப் பாட்டுக்கும் நிகண்டு வரிசையில் அது மயிலின் பெயராக உறைந்த நாளுக்கும் இடையில் சில நூற்றாண்டுகள் கிடக்கின்றன. திவாகர நிகண்டின் காலம் எது என்பதிலேயே அறிஞர்களுக்குள் உடன்பாடு இல்லாததால் அந்த இடைவெளியின் மேல் எல்லையும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. மகளிரைத் தோகை என்று அழைக்கும் செய்யுள் வழக்கு இதற்கு முந்தியதா பிந்தியதா என்பதையும் இதனோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உவமையில் மகளிரும் பறவையும் ஒரே கிளையில் நிற்பதால், பெண்ணைக் குறித்த பொருளே பறவைப் பொருளுக்கு வழிவிட்டது என்று ஒருவர் வாதிட்டாலும் குறுந்தொகை 26 அவரை மறுக்காது.