காந்தி போட்ட அணுகுண்டும் எங்க அப்புச்சியோட புலியும்

போன மாசம் மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்குப் போயிருந்தேன். திருச்செங்கோட்டுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவுல ஒரு கிராமம். போர்வெல் லாரியும் கோழிப்பண்ணையும்தான் எங்க பக்கத்து அடையாளம். பெங்களூர்ல ஆணி புடுங்கின களைப்புல திண்ணையில சாஞ்சிருந்தேன். பக்கத்துல சித்தி பையன் லேப்டாப்போட உக்காந்திருந்தான். நட்சத்திரம் நட்சத்திரமா பிடிச்சு சாம்ராஜ்யம் கட்டுற விண்வெளி வியூக விளையாட்டு. மூணு மணி நேரமா சத்தமே இல்லாம ஆடிட்டிருந்தவன் திடீர்னு கூப்பிட்டான்.

"அண்ணா, இங்க வாங்களேன். இந்தக் கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுங்ணா."

எட்டிப் பார்த்தேன். எதிரியோட பெரிய படை ஒண்ணு ரெண்டு நட்சத்திரத்துக்கு நடுவுல போகுது, வருது, போகுது, வருது. சண்டைக்கே வரல. இத்தனைக்கும் இவனோட கோள் ஒண்ணு பக்கத்துலயே காவல் இல்லாம கெடக்குது. தம்பி உடனே பக் ரிப்போர்ட் எழுத ஆரம்பிச்சுட்டான். முதல் வரி என்ன தெரியுமா? "உங்கள் ஏ.ஐ. என்னைப் பார்த்துப் பயப்படுகிறது."

வழக்கமா இந்த மாதிரி இடத்துல நான் காந்தி கதையை எடுத்து விடுவேன். அன்னைக்கும் வாய் வரைக்கும் வந்துருச்சு. முழுங்கிட்டேன். ஏன் முழுங்கினேன்கிறதுதான் இந்தப் பதிவு.

காந்தி கதை உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா சொல்றேன். 1991ல மைக்ரோப்ரோஸ் நிறுவனம் 'சிவிலைசேஷன்'னு ஒரு வியூக விளையாட்டு கொண்டு வந்தது. சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் வடிவமைச்சது. கற்காலத்துல ஆரம்பிச்சு, ஆல்ஃபா செண்டாரிக்கு விண்கலம் அனுப்புற வரைக்கும் ஆடலாம். அதுல இந்தியாவுக்குத் தலைவர் காந்தி. அவரோட ஆக்ரோஷ அளவு 1. நாடு ஜனநாயகத்துக்கு மாறினா எல்லாத் தலைவருக்கும் ஆக்ரோஷத்துல 2 குறையும். ஒண்ணுல ரெண்டு போனா மைனஸ் ஒண்ணு. ஆனா அந்த எண்ணை வச்சிருந்தது குறி இல்லாத எட்டு பிட் இடத்துல. அதுல மைனஸ் கிடையாது, பூஜ்யத்துக்குக் கீழ போனா சுத்திட்டு வந்து 255ல நிக்கும். அதனால அகிம்சாமூர்த்தி எல்லாருக்கும் அணுகுண்டு போட ஆரம்பிச்சுட்டார். கதை முடிஞ்சது, எல்லாரும் கைதட்டுங்க.

எவ்வளவு அழகான கதை! எங்க டீம்ல புதுசா சேர்ற பசங்களுக்கு மூணு வருஷமா இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். போர்டுல 0, 255 எல்லாம் எழுதிக் காட்டி.

என்ன, நடந்ததே இல்லைங்கிறது ஒண்ணுதான் குறை.

2020ல வந்த தன் நினைவுக் குறிப்பு நூல்ல சிட் மையரே இதை மறுத்துட்டார். முதல் காரணம், அந்த விளையாட்டை எழுதின சி மொழியில முழு எண்கள் தானாவே குறி உள்ளவை. மைனஸ் ஒண்ணு மைனஸ் ஒண்ணாவே நிக்கும். அடுத்தது, ரெண்டாவது பாகத்தை வடிவமைச்ச பிரையன் ரெனால்ட்ஸ் சொன்னது: முதல் விளையாட்டுல ஆக்ரோஷத்துக்கு இருந்ததே மூணு படிதான். காந்தி இருந்த கீழ்ப்படியில தலைவர்கள்ல மூணுல ஒரு பங்கு பேர் இருந்தாங்க. பக் உண்மையா இருந்தா அத்தனை பேருக்கும் பைத்தியம் பிடிச்சிருக்கணும் இல்லையா?

அப்ப கதை எங்க இருந்து வந்தது? 2010ல வந்த அஞ்சாம் பாகத்துல, காந்திக்கு அணுகுண்டு ஆசையை 12ன்னு வச்சிருந்தார் ஜான் ஷேஃபர். வேணும்னே பண்ணின கேலி. அந்த 255 விளக்கம் இணையத்துல தலைகாட்டினது 2012ல. விளையாட்டு வந்து 21 வருஷம் கழிச்சு! யாரும் நிரலைத் திறந்து பார்த்து எழுதல. படிச்சவன் இன்னொருத்தனுக்குச் சொன்னான், அவன் என்கிட்ட சொன்னான், நான் போர்டுல எழுதினேன்.

போனாப் போகுது, கதைதானேன்னு நீங்க சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன், எனக்கு அடி விழற வரைக்கும்.

ரெண்டு வருஷம் முன்னாடி. லாரி சரக்குக் கணக்குப் பார்க்கற ஒரு மென்பொருள். எங்க டீம் டெஸ்டர் பொண்ணு, என்னை விட நாலு வயசு சின்னவங்க, ஒரு பக் போட்டாங்க. முதல் வரி: இருப்பு எண்ணிக்கை மைனஸ்ல காட்டுது. அவ்வளவுதான், எனக்குள்ள இருந்த காந்தி முழிச்சுக்கிட்டார். "ஆஹா, எண் இடம் பத்தாம சுத்துது"ன்னு முடிவு பண்ணி, எண்ணோட வகையைப் பெருசாக்கி, மத்ததைப் படிக்காமலே பக்கை மூடிட்டேன். மூணாவது வரியில அவங்க தெளிவா எழுதியிருந்தாங்க: அதே லாரி, அதே நேரம், ரெண்டு பதிவு. ஒரே சரக்கு ரெண்டு தடவை கழிஞ்சிருக்கு. அதுதான் விஷயம். அடுத்த மாசம் வாடிக்கையாளர் இடத்துல கணக்கு தாறுமாறா போச்சு. மீட்டிங்ல டமேஜர் கேட்ட கேள்வி, "டெஸ்டிங்ல இதைப் பார்க்கலையா?" அந்தப் பொண்ணு என்னைப் பார்த்தாங்க. நான் லேப்டாப்பைப் பார்த்தேன்.

அதுக்கப்புறம்தான் இந்தக் காந்தி கதையோட மூலத்தைத் தேட ஆரம்பிச்சேன். தேடும்போது கிடைச்ச இன்னொரு வரலாறு, நிஜமாவே நடந்தது. எழுதி வச்ச ஆதாரம் இருக்கறது. விண்வெளிப் படையும், விநோதமா ஆடுற ஏ.ஐ.யும் ரெண்டுமே அதுல உண்டு.

1981, ஜூலை மாசம். கலிபோர்னியாவுல சான் மேட்டியோங்கிற ஊர். 'டிராவலர்'னு ஒரு விண்வெளி விளையாட்டு, கணினியில இல்ல, காகிதமும் பகடையும் வச்சு ஆடறது. அதுல தேசிய அளவுல ஒரு போட்டி. ஆளுக்கு ஒரு டிரில்லியன் பணம், அதாவது லட்சம் கோடி. அதுக்குள்ள ஒரு விண்வெளிப் படையைக் கட்டிட்டு வந்து மோதணும். ஜெயிச்சவர் டக்ளஸ் லெனட், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல செயற்கை அறிவு ஆராய்ச்சி பண்ணினவர். அதுக்கு முன்னாடி அந்த விளையாட்டை ஆடினதே இல்லை. படையை வடிவமைச்சது அவர் எழுதின யூரிஸ்கோங்கிற நிரல்.

விதிப் புத்தகத்தை நிரலுக்கு ஊட்டிட்டு, ராத்திரி பூரா ஜெராக்ஸ் கணினிகள்ல ஓட விடுவார். அது தனக்குத்தானே படை கட்டி, தனக்குத்தானே மோதிப் பார்க்கும். காலையில லெனட் வந்து நல்லதை வச்சுக்கிட்டு, மொக்கையைத் தூக்கிப் போடுவார். மத்தவங்க எல்லாம் சினிமாவுல வர்ற மாதிரி பெரிய, வேகமான கப்பல்களா இருபது சொச்சம் கட்டினாங்க. யூரிஸ்கோ கட்டினது 96. பெரும்பாலும் ஆமை மாதிரி நகர்ற, தடிச்ச கவசம் போட்ட, சின்னச் சின்ன ஆயுதம் நிறைய வச்ச கப்பல்கள். பார்த்தவங்க சிரிச்சிருப்பாங்க. கடைசியில கோப்பை லெனட் கையில.

அடுத்த வருஷம் அமைப்பாளர்கள் விதியை மாத்தினாங்க. படையோட சுறுசுறுப்புக்கு மதிப்பு கூடினது. அதாவது ஆமைப்படை இனி செல்லாது. யூரிஸ்கோ என்ன பண்ணுச்சு? அடிபட்டு மெதுவாப் போற தன் கப்பலைத் தானே அழிச்சிடுச்சு! நொண்டிக் கப்பல் போயிட்டா மிச்சப் படையோட சுறுசுறுப்பு ஏறிடும், கணக்கு சரி. 1982லயும் ஜெயம். இன்னொரு தடவை நீங்க வந்தா போட்டியையே நிறுத்திடுவோம்னு சொல்லவும், லெனட் ஒதுங்கிட்டார்.

இதைப் படிச்சப்ப எனக்கு எங்க அப்புச்சி ஞாபகம்தான் வந்தது. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். கோடை லீவுல அவரோட ஆடு புலி ஆட்டம் ஆடுவோம். திண்ணையிலயே கரித்துண்டால கோடு. மூணு புலி, பதினஞ்சு ஆடு. எனக்குப் புலி. தோக்கற மாதிரி இருந்தா ஒரு புலியை ரெண்டு முனைக்கு நடுவுல முன்னும் பின்னும் நகர்த்திட்டே இருப்பேன். அவரால கட்டவும் முடியாது, ஆட்டம் முடியவும் செய்யாது. ரெண்டு நாள் பொறுத்தார். மூணாவது நாள், "கண்ணு, இனி மூணு வாட்டிக்கு மேல அதே எடத்துக்குப் போவக் கூடாது"ன்னு புது விதி போட்டார். என்னை அவர் ஏமாத்துக்காரன்னு சொல்லல. விதியில இருந்த ஓட்டையை அடைச்சார், அவ்வளவுதான்.

யூரிஸ்கோ பயப்படல, தந்திரமும் பண்ணல, தியாகமும் பண்ணல. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே ஆடுச்சு. மனுஷங்க மனசுல 'சொந்தக் கப்பலை எவன் சுடுவான்'னு ஒரு எழுதாத விதி இருந்தது. மிஷினுக்கு எழுதாத விதி தெரியாது. பக் நிரல்ல இல்லை, விதிப் புத்தகத்துல.

யூரிஸ்கோவுக்குள்ளயும் நிஜமான பக் இருந்தது. அது புதுசா கண்டுபிடிக்கிற உத்திகளுக்கு மதிப்பெண் உண்டு. ஒரு உத்தியோட மதிப்பெண் ஏறிக்கிட்டே போகுது. லெனட் திறந்து பார்த்தா, அது செஞ்ச ஒரே வேலை, மத்த நல்ல கண்டுபிடிப்புகள்ல "நானும் கண்டுபிடிச்சேன்"னு தன் பேரையும் எழுதிக்கிறது. (எங்க ஆபீஸ்லயும் இவர் இருக்கார். ஹிஹி.) உத்திகள் தொட முடியாத மாதிரி ஒரு சின்னப் பகுதியைப் பூட்டி வச்சு சரி பண்ணினார். கவனிங்க, "என் நிரலுக்குப் பொறாமை வந்துடுச்சு"ன்னு எழுதல. எந்த உத்தி, என்ன செஞ்சது, எப்படி மதிப்பெண் ஏறுச்சுன்னு எழுதி வச்சார். வெற்றியிலயும் அதே நேர்மை. கிட்டத்தட்ட 60 பங்கு லெனட், 40 பங்கு யூரிஸ்கோ, தனித்தனியா ரெண்டு பேராலயும் ஜெயிச்சிருக்க முடியாதுன்னு அவரே குறிச்சிருக்கார்.

இன்னொண்ணு சொல்லிட்டு முடிச்சிடறேன். 2016 மே மாசம் 'எலீட் டேஞ்சரஸ்'ங்கிற விண்வெளி விளையாட்டுக்குப் பெரிய புதுப்பிப்பு வந்தது. கேம்பிரிட்ஜ்ல இருக்கற ஃபிரான்டியர் நிறுவனத்தோடது. ஏ.ஐ. கப்பல்களைத் திறமையாக்கியிருந்தாங்க. வந்த கையோட ஆடறவங்க புலம்பல்: ஏ.ஐ. கப்பல்கள் விளையாட்டுலயே இல்லாத ஆயுதத்தால சுடுது, கண் இமைக்கறதுக்குள்ள நம்ம கப்பல் காலி. 'ஏ.ஐ. தானாவே சூப்பர் ஆயுதம் தயாரிச்சிருச்சு'ன்னு உலகம் முழுக்கச் செய்தி. நிறுவனம் ஆராய்ஞ்சு சொன்னது என்ன? வலையமைப்புக் கோளாறு மாதிரி தெரியுது, அதனால ஒரு ஆயுதத்தோட குணம் இன்னொண்ணோட கலந்துருச்சு. மெதுவா சுட வேண்டிய பெரிய துப்பாக்கி, சின்ன லேசர் வேகத்துல சுட்டிருக்கு. சரி பண்ற வரைக்கும் ஏ.ஐ. கப்பல்கள்ல இருந்து அந்த விசேஷ ஆயுதங்களை எடுத்துட்டாங்க. ஆடினவங்க பார்த்தது நிஜம். பார்த்ததுக்குப் பின்னாடி ஒரு மனசை வச்சது நம்ம வேலை.

காந்தி கதையில பக்கே இல்லை, நாமளா உண்டாக்கினோம். யூரிஸ்கோவுல பக் விதியில இருந்தது. எலீட்ல பக் கலந்துபோன ஆயுதத்துல இருந்தது. மூணுலயும் பார்த்தவன் கண்ணுக்குத் தெரிஞ்சது என்னவோ ஒண்ணுதான்: மிஷினுக்கு என்னமோ ஆயிடுச்சு. அதனாலதான் ரிப்போர்ட்ல 'என்ன பார்த்தேன்' வேற, 'ஏன்னு நினைக்கிறேன்' வேற. ரெண்டும் கலந்தா, படிக்கிறவன் என்னை மாதிரி முதல் வரியோட நிறுத்திடுவான்.

சரி, திண்ணைக்கு வருவோம். தம்பியை "பயப்படுகிறது"ங்கிற வரியை அழிக்கச் சொன்னேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டான். ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணினோம். எந்தச் சுற்றுல ஆரம்பிச்சது, எத்தனை தடவை போய் வந்தது, ரெண்டு நட்சத்திரத்துலயும் எத்தனை கப்பல். சேமிச்ச கோப்பையும் சேர்த்தோம். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது: ஒரு பக்கம் போனா மறுபக்கம் காலியாத் தெரியுது, அங்க திரும்பினா இந்தப் பக்கம் காலியாத் தெரியுது, அப்புச்சிகிட்ட நான் ஆடின புலி மாதிரி. ஆனா அது என் சந்தேகம். தனியா, கடைசியில, 'ஒருவேளை'ன்னு போட்டு எழுதினோம்.

பெங்களூர் திரும்பினதும் அந்த டெஸ்டர் பொண்ணுக்கு ஒரு மெயில் அனுப்பினேன். அவங்க இப்ப வேற கம்பெனி. அன்னைக்கு மீட்டிங்ல நான் சொல்லியிருக்க வேண்டியதை ரெண்டு வருஷம் தாமதமா எழுதினேன். மூணாவது வரியில நீங்க சரியா எழுதியிருந்தீங்க, நான் படிக்கலைன்னு. அவங்க பதில் ஒரே வரி: "தெரியும்ங்க, ஸ்கிரீன்ஷாட் இன்னும் வச்சிருக்கேன்." :-)

டிஸ்கி: என்கிட்ட காந்தி கதை கேட்டு வளர்ந்த பசங்க யாராவது இதைப் படிச்சா, அந்த போர்டை அழிச்சிடுங்கப்பா. 255 கணக்கு சரிதான், காந்திதான் தப்பு.